கேட்டுக்கு வெளியே ஒரு சக்கரம்

அந்தத் தெருவில் யாரும் அலாரம் வைத்துத் தூங்குவதில்லை. ஹாரன் எழுந்து வாய் கொப்பளித்தால் போதும், தெரு விழித்துக்கொள்ளும். மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்யும். கரண்ட் பில்லைத் தேடிப் பார்த்தால் கிடைக்கலாம். ஆயுசு முழுக்க டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து, இன்ஜின் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி, வண்டி ஓட்டுவதை விட்ட பிறகும் அவர் குரல் மட்டும் இறங்கவேயில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட எங்கோ தீப்பிடித்த மாதிரி இருக்கும்.

அவர் சம்சாரம் டெய்லரக்கா நேர் எதிர். வாய்க்குள் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும், அதனால் பேச்சு குறைவு. தையல் மிஷினை முன்னறை ஜன்னலோரம் போட்டிருந்தாள். வெளிச்சத்துக்காக என்று சொல்லுவாள். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் வாசல், கேட், வலதுபக்கத் தகரக் கொட்டகை, தெருவில் பாதி எல்லாம் தெரியும் என்பது தற்செயல்தான் என்று நாமும் நம்பிக்கொள்ள வேண்டியது. மிஷின் ஓடுகிற வரைக்கும் தெருவில் யாரும் எதையும் பேசலாம். மிஷின் நின்றால் பேச்சை மாற்றிவிடுவது நல்லது.

அந்த வாரம் மிஷின் அடிக்கடி நின்றது.

பழைய வண்டிகளை எல்லாம் வரிசையாக ஓட்டிக் காட்டும் ஊர்வலம் ஒன்று நடக்கப்போவதாகப் பேப்பரில் வந்திருந்தது. ஹாரன் அதைப் படித்துவிட்டுக் கொட்டகைக்குள் போனவர், வெளியே வரும்போது வேறு ஆளாக இருந்தார். உள்ளே நின்ற டிராக்டர் அவர் கல்யாணத்தைவிட மூத்தது. இன்ஜினை உசுப்பியாகிவிட்டது. புகை கக்கி, இருமி, கடைசியில் ஓடவும் செய்தது. பின்சக்கரம் இரண்டிலும் டயர்தான் வெடித்து வெடித்துப் பாளம் பாளமாக நின்றது. புது டயர் வரவழைத்தார். அவை இரண்டும் கூடத்தில், சுவரில் சாய்ந்து, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தன. வீடு பூராவும் ரப்பர் வாடை. தைக்கக் கொடுத்தவர்கள் துணியை மோந்து பார்த்துவிட்டு வாங்கிப் போனார்கள்.

புதுசு வந்தது சரி. பழசு போகவேண்டாமா?

ஒரு சக்கரத்தைக் கழற்றி முற்றத்தில் படுக்கப் போட்டார் ஹாரன். ரிம்மும் டயரும் ஒன்றாகவே பிறந்த மாதிரி ஒட்டிக்கிடந்தன. டயரின் விளிம்புக்குள்ளே இரும்புக் கம்பி ஓடும்; அந்த விளிம்புதான் ரிம்மின் உதட்டைக் கவ்விப் பிடித்திருக்கும். அதைப் பெயர்த்துக் கீழே தள்ளினால்தான் டயர் வெளியே வரும். ஹாரன் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். டீசல் ஊற்றினார். கடப்பாரையைச் செருகி அதன்மேல் ஏறி நின்று குதித்தார். கடப்பாரை வளைந்தது. சம்மட்டியால் அடித்தார், அது ரப்பரில் பட்டுத் திரும்பி வந்து முழங்காலைப் பதம் பார்த்தது.

எதிர் வீட்டுப் பென்ஷன் கேட்டைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். எந்த ஆபீஸில் என்ன வேலை பார்த்தார் என்று யாருக்கும் நினைவில்லை. ரிடையர் ஆனது மட்டும் எல்லாருக்கும் தெரியும். கையில் போன். அதில் உலகத்தில் உள்ள சகலத்தையும் யாராவது ஒருத்தர் கழற்றிக்கொண்டிருப்பார்.

"இங்க பாருங்க சார், இவன் எவ்வளவு ஈசியா எடுக்கறான்."

"அவன் டயர் அவன் பேச்சைக் கேக்குது. என் டயர் என் பேச்சைக் கேக்கல."

"வீட்டுல யார் கேக்கறாங்க, டயர் கேக்கறதுக்கு?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. பக்கத்து மாடியில் குடியிருக்கிற மாடிவீட்டம்மா. காலையிலிருந்து ஒரே துண்டை மூன்றாவது தடவையாக உலர்த்திக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஹாரன் கடப்பாரையைத் தூக்கி எறிந்துவிட்டு அறிவித்தார். "இதை வண்டியில ஏத்தி டவுன்ல பெரிய கடைக்கு அனுப்பிடறேன். மிஷின்ல வெச்சா ரெண்டே நிமிஷம். அறுத்துப் போட்டுடுவான்."

ஜன்னலோரம் மிஷின் நின்றது.

டெய்லரக்காவுக்கு டயர் மேல் தனியாக ஆசை ஒன்றும் கிடையாது. அவளுக்கு வேண்டியது அந்தச் சக்கரம் இந்த வீட்டு வாசலில், நாலு பேர் பார்க்க, திறக்கப்படுவது. அந்த நாலு பேரில் ஒருத்தன் கட்டாயம் இருக்கவேண்டும். அவள் தம்பி.

தம்பி தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருந்தான். அவனையும் பஞ்சர் என்றே கூப்பிடுவார்கள். அக்கா வீட்டிலிருந்து அவன் கடைக்குக் கூப்பிடு தூரம். ஆனால் ஒன்பது வருஷமாக யாரும் கூப்பிடவில்லை.

நடந்தது இவ்வளவுதான். இதே டயரை இதே ரிம்மில் மாட்டியது மாமனும் மச்சானும் சேர்ந்துதான். அன்றைக்கு வேலை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது ஹாரன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். கல்யாணத்தில் மாமனார் போட்ட வாட்ச்சைக் காணோம். சாவி கொடுத்து ஓடுகிற பழைய வாட்ச். வெள்ளை முகம், கருப்பு வார். தேடினார்கள். கிடைக்கவில்லை. ஹாரன் தன் குரலில் ஒரு வார்த்தை சொன்னார்: "வீட்டுக்குள்ள வந்து போனது ஒரே ஆளு." அதை அவர் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அவருக்குத்தான் மெதுவாக வராதே. தெருவே கேட்டது. பஞ்சர் தட்டில் பாதிச் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தான். கை கழுவினான். "அவரே வாயால கூப்பிடற வரைக்கும் இந்த கேட்டைத் தாண்ட மாட்டேன்க்கா" என்றான். தாண்டவில்லை. அவன் அம்மா செத்தபோதுகூட இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

அது தெருவுக்குத் தெரிந்த கதை. தெருவுக்குத் தெரியாதது மிஷின் டிராயரில் இருந்தது.

சண்டை நடந்து மூன்று வருஷம் கழித்து, ஒரு போல்ட் வேண்டுமென்று டெய்லரக்கா கொட்டகையில் துருப்பிடித்த ஆணி டப்பாவைக் கொட்டியபோது, கிழிந்த பனியன் துணியில் பத்திரமாகச் சுற்றி வைத்த வாட்ச் வந்து விழுந்தது. அவள் புருஷனின் பனியன். அவள் புருஷன் போடுகிற முடிச்சு. டயருக்குள் கைவிட வேண்டும், கீறல் விழும் என்று தானே கழற்றி, தானே சுற்றி, தானே டப்பாவில் போட்டு, தானே மறந்திருக்கிறார்.

காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஹாரனை உங்களுக்குத் தெரியாது. காட்டினால் என்ன சொல்லுவார் என்று அவளுக்கு எழுத்துக்கு எழுத்து தெரியும். "பாத்தியா, பயந்துபோய்த் திருப்பிக் கொண்டாந்து போட்டுட்டான்." அத்தோடு திருட்டு உறுதியாகிவிடும். ஆக, வாட்ச்சை டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தாள். தினம் காலையில் மிஷினுக்கு எண்ணெய் விட்டதும் அதற்கும் சாவி கொடுத்தாள். சாவி கொடுக்காத வாட்ச் கோபித்துக்கொள்ளும் என்று அவள் அப்பா சொல்லுவார். மனிதர்கள் கோபித்துக்கொண்டதே போதும் என்று இருந்தது அவளுக்கு.

வாட்ச் கிடைக்கவேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு இரண்டு பேரும் கைவிட்ட இடம். அதன்பிறகு யாருமே கைவிட முடியாத இடம். டயருக்குள்ளே. இதை அவள் எத்தனையோ சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டே யோசித்து வைத்திருந்தாள். இப்போது மனிதர் அதை டவுனுக்கு அனுப்புகிறேன் என்கிறார்.

"டவுன்ல அறுத்தா ரிம்மையும் சேத்து அறுத்துடுவான்" என்றாள் குண்டூசிகளுக்கு நடுவே.

"அப்ப நீ எடு."

"எடுக்கத் தெரிஞ்ச ஆளு தெருமுனையில இருக்கான்."

"அவன் பேச்சு இந்த வீட்டுல கூடாது!" தெருமுனை வரை கேட்டிருக்கும். அதற்காகத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று மாடிவீட்டம்மாவின் அபிப்பிராயம்.

மறுநாள் காலை பென்ஷன் புது வீடியோவோடு வந்தார். அதில் ஒருவன் ரிம்மைச் சுற்றி நெருப்பால் சூடு காட்டுகிறான், துரு விடுகிறது, டயர் பணிவாகக் கழன்று வருகிறது. ஹாரன் முகம் மலர்ந்தது. பட்டறையிலிருந்து கேஸ் சிலிண்டரும் நெருப்புக் குழாயும் வந்து இறங்கின. டெய்லரக்கா பாதி தைத்த ஜாக்கெட்டை ஊசியிலேயே விட்டுவிட்டு, செருப்பு போடாமல் தெருவில் இறங்கினாள்.

பஞ்சர் ஒரு சைக்கிள் டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் குமிழ் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் மாமா சக்கரத்துக்குத் தீ வைக்கப் போறாருடா."

"எந்தச் சக்கரம்?"

"அந்தச் சக்கரம்."

"வால்வைக் கழட்டிட்டாரா?"

"எதையும் கழட்டல. சட்டையை மட்டும் கழட்டியிருக்காரு."

தொட்டியில் டியூப் மிதக்க, பஞ்சர் ஓடினான். அக்கா பின்னால் ஓடினாள். கேட்டு வரை வந்தவன் ஒரு காலைத் தூக்கினான். உள்ளே வைக்கப்போகிறான் என்று மாடிவீட்டம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கால் அந்தரத்தில் நின்றது. திரும்பி வெளியே இறங்கியது. வெளியே நின்றபடியே கத்தினான். அன்றைக்குத்தான் தெருவுக்குத் தெரிந்தது, பஞ்சருக்கும் அந்த அளவுக்குத் தொண்டை உண்டென்று.

"அக்கா! அந்தாளை நெருப்பை அணைக்கச் சொல்லு!"

அக்கா அவன் பக்கத்தில்தான் நின்றாள். ஹாரனும் பத்தடியில்தான் இருந்தார். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"அணைக்கச் சொல்றான்" என்றாள்.

"ஏனாம்?"

"ஏன்னு கேக்கறாரு."

"உள்ள காத்து இருக்கும்னு சொல்லு."

"டயர் சப்பையா கிடக்கு, காத்து எங்க இருக்குன்னு கேளு உன் தம்பியை."

"காத்து இல்லேன்னாலும் சூடு பட்டா ரப்பர் உள்ளேயே புகைஞ்சு காத்தாயிடும்க்கா. வெளிய போக வழி இல்லேன்னா வெடிக்கும். அவர் தலை எங்க விழும்னு தெரியாது. எதிர்வீட்டு சார் கேட்டுக்கிட்ட நிக்கறாரு, அவர் மடியிலயே விழலாம்."

பென்ஷன் போனைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு வீடு தள்ளிப்போய் நின்றார்.

ஹாரன் நெருப்பை அணைத்தார். சொன்னதால் இல்லை, கேஸ் தீரப்போகிறது என்பதால் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டார்.

"முதல்ல வால்வு ஊசியைக் கழட்டச் சொல்லுக்கா."

"அது துருப்பிடிச்சிருக்குன்னு சொல்லு."

"குறடு போட்டுத் திருகச் சொல்லு. மூஞ்சியைத் தள்ளி வெச்சுக்கிட்டு."

ஹாரன் திருகினார். மூஞ்சியைத் தள்ளி வைக்கவில்லை. சீறிக்கொண்டு வந்தது காற்று இல்லை, காப்பி நிறத் தண்ணீர். நெஞ்சு முழுக்க. அழுகின முட்டை வாடை தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டியது. தண்ணீர் முற்றத்தில் ஓடி, கேட்டுக்கு அடியில் புகுந்து, பஞ்சரின் காலடியில் போய் நின்றது. அவன் குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"சே, என்னடா கருமம்!" என்றாள் அக்கா.

"உப்பு. அன்னிக்கே சொன்னேன், எடைக்குத் தண்ணி போதும், உப்பு போடாதீங்கன்னு. மூட்டையைத் தலைகீழாக் கவுத்தாரு."

"உப்புத் தண்ணி கனம் ஜாஸ்தி! சேத்துல வழுக்காது!" என்றார் ஹாரன், அக்காவை மறந்துபோய், நேராக.

"கனம் ஜாஸ்திதான்! டியூப் கசிஞ்சு ரிம்மைத் தின்னுடுச்சே, அது தெரியல?" என்றான் இவனும் நேராக.

தாங்கள் பேசுவதில்லை என்பது இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் நினைவு வந்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். டெய்லரக்கா தரையைப் பார்த்தாள். சிரிப்பு வந்தால் அங்கேதான் பார்ப்பாள்.

பிறகு பஞ்சர் காற்றைப் பார்த்துச் சொன்னான். "போட்டிருக்கற பக்கமும் தப்பு. ரிம்முக்குள்ள பள்ளம் ஒரு ஓரமா இருக்கும். அது எந்தப் பக்கம் கிட்ட இருக்கோ அந்தப் பக்கம் மேல இருக்கணும். தலைகீழாப் போட்டு மூணு நாளா அடிச்சா எப்படி வரும்?"

ஹாரனும் காற்றைப் பார்த்தே பதில் சொன்னார். "திருப்பிப் போட ஒரு ஆளு பத்தாது."

அவன் உள்ளே வரமாட்டான். இவர் கூப்பிட மாட்டார். சக்கரம் நடுவில் கிடந்தது. கடைசியில் ஹாரன் சக்கரத்தை நிமிர்த்தி, தோள் கொடுத்து, மூச்சு வாங்க உருட்டிக்கொண்டு வந்து, கேட்டைத் தாண்டித் தெருவில் சாய்த்தார். தெரு பொது இடம். அங்கே யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. சாயும்போது மறுபக்கத்தை யாரோ பிடித்துக்கொண்டார்கள். யாரென்று ஹாரன் பார்க்கவில்லை. சக்கரம் இந்தத் தடவை சரியான பக்கம் மேலே வரும்படி மெத்தென்று படுத்தது.

தெருவில் வேலை தொடங்கியது. பஞ்சர் கடையிலிருந்து டயரை நெம்புகிற லிவர் கம்பிகள் வந்தன, ஜாக்கி வந்தது. விளிம்பைச் சுற்றிலும் சோப்புக் கரைசலைத் துணியால் தடவினான், கைக்குழந்தைக்குத் தேய்க்கிற மாதிரி. ஹாரன் லிவரைச் செருகினார். அசையவில்லை. மேலேயிருந்து ஏதாவது மலை வந்து அமுக்கினால்தான் உண்டு என்றான் பஞ்சர்.

மலை பத்து மணிக்கு வந்தது. தண்ணீர் லாரி. தெருவில் குடங்கள் வரிசை கட்டி நின்றன. பஞ்சர் டிரைவரிடம் பேசி, லாரியைச் சக்கரத்தின் மேலே வரும்படி நிறுத்தவைத்தான். லாரியின் இரும்புச் சட்டத்துக்கும் டயர் விளிம்புக்கும் நடுவே ஜாக்கியை நிறுத்தினான். இப்போது ஜாக்கியை ஏற்றினால் ஒன்று லாரி மேலே போகவேண்டும், அல்லது டயர் கீழே போகவேண்டும்.

லாரி மேலே போனது.

"அய்யய்யோ, என் வண்டி!" என்றார் டிரைவர்.

"நிறை லாரி, பயப்படாதீங்க. எவ்வளவு தூரம் போகும்?" என்றான் பஞ்சர். "ஏத்துங்க!"

யாரை ‘ஏத்துங்க’ என்றான் என்று சொல்லவில்லை. ஜாக்கி ஹாரன் கையில் இருந்தது. ஏற்றினார். லாரி இன்னும் கொஞ்சம் தோளைத் தூக்கியது. குடம் வைத்திருந்தவர்கள் பின்வாங்கினார்கள். மாடிவீட்டம்மா துண்டைக் கொடியில் போடாமல் தோளில் போட்டுக்கொண்டாள். அப்புறம் ஒரு சத்தம். பழைய கதவின் கீல் ஒரேயடியாக உடைகிற மாதிரி. துருத்தூள் எழும்பியது, லாரி தன் இடத்துக்கு இறங்கியது, டயர் விளிம்பு ஒரு சாண் அகலத்துக்கு ரிம்மை விட்டுக் கீழே போய் நின்றது.

தெருவே "ஆ!" என்றது. இரண்டு வீடு தள்ளிப்போய் நின்ற பென்ஷன் திரும்பி வந்தார்.

ஆனால் ஒரு சாண்தான். லாரியை நகர்த்தி, சக்கரத்தைப் படுத்தபடியே கொஞ்சம் சுழற்றி, மறுபடி ஜாக்கி. மறுபடி சத்தம். குடத்துக்காரர்கள் ஓரமாக நின்று தண்ணீர் பிடித்தபடியே யோசனை சொன்னார்கள். இரண்டு பேரும் இன்னும் நேராகப் பேசவில்லை; ஆனால் பேச்சு லாரியிடமும் ஜாக்கியிடமும் நடந்தது. "ஜாக்கி வழுக்குது, கட்டை வெச்சா நல்லது." "வெச்சாச்சு." "இன்னும் ரெண்டு இழு." "இழுத்தாச்சு, கண்ணு தெரியலையா லாரிக்கு?" மதியத்துக்குள் மேல்பக்க விளிம்பு முழு வட்டமும் விட்டுவிட்டது. டியூப் மட்டும் உள்ளே சேற்றோடு சேறாக ஒட்டிக்கிடந்தது.

"சாப்பிட்டுட்டுப் பாத்துக்கலாம்" என்றாள் டெய்லரக்கா.

ஹாரன் உள்ளே கூடத்தில், புது டயர்களுக்கு எதிரே உட்கார்ந்தார். பஞ்சருக்குத் தட்டு தெருவுக்குப் போனது. அவன் கடை ஓரம் வேப்பமரத்தடியில், முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டான். லாரி போய்விட்டது. தெரு வெறிச்சோடியது. சக்கரம் வாயைப் பிளந்துகொண்டு வெயிலில் தனியாகக் கிடந்தது.

டெய்லரக்கா தண்ணீர்ச் சொம்போடு வெளியே வந்தாள். இடது கை முந்தானைக்குள் இருந்தது. இரண்டு பக்கமும் பார்த்தாள். குனிந்து, விளிம்பை ஒரு கையால் அமுக்கி, இன்னொரு கையைத் தோள்வரைக்கும் உள்ளே விட்டாள். சேறு சில்லென்று இருந்தது. ஒரு நொடி விரல் விடமாட்டேன் என்றது. ஆறு வருஷம் தினம் தொட்டது அல்லவா. விட்டாள். கையை எடுத்துச் சொம்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டு நிமிர்ந்தவள், மேலேயும் பார்த்தாள்.

பார்த்திருக்க வேண்டிய திசை முதலில் அதுதான்.

மாடிவீட்டம்மா துண்டோடு நின்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த அம்மாள் தன் வாழ்க்கையில் ஒரு சேதியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்ததாகச் சரித்திரம் இல்லை. மேலே துண்டு ஒரு தடவை உதறப்பட்டது. பிறகு அந்த அம்மாள் திரும்பி, உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வேளையில் அந்தக் கதவு சாத்தி யாரும் பார்த்ததில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு தெரு மறுபடி நிறைந்தது. இரண்டு லிவர்களை எதிரெதிரே செருகி, ஆளுக்கொன்றாக மிதித்தார்கள். எதிர்ப்பக்கம் விளிம்பு பள்ளத்துக்குள் இறங்க, இந்தப் பக்கம் மெல்ல ரிம்மின் உதட்டைத் தாண்டி மேலே வந்தது. கடைசி இழுப்பில் மேல்விளிம்பு முழுக்கத் துள்ளி வெளியே விழுந்தது. பஞ்சர் உள்ளே கைவிட்டு டியூபைப் பிடித்து இழுத்தான். அது செத்த பாம்பு மாதிரி நீளமாக வந்தது. கூடவே துரு, உப்புக் கட்டி, கருப்புச் சேறு.

"நில்லுங்க" என்றான். "உள்ள என்னமோ இருக்கு."

வீட்டில் மிஷின் ஓடவில்லை; டெய்லரக்கா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஞ்சர் கையை எடுத்தான். சேறு சொட்டியது. கட்டைவிரலால் வழித்தான். வெள்ளை முகம். கருப்பு வார். அவன் முகம் முதலில் வெளுத்தது. பிறகு, சொல்லத் தெரியாத ஒரு நிறத்துக்கு வந்தது. வாட்ச்சை உள்ளங்கையில் வைத்து, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக மாமா முகத்துக்கு நேரே நீட்டினான்.

"உங்களுதா பாருங்க."

ஹாரன் வாங்கினார். சட்டை இல்லாததால் வயிற்றிலேயே துடைத்தார். "டயருக்குள்ளயா..." என்றார். "அன்னிக்குக் கழட்டி... டயர் மேல வெச்சேனோ என்னமோ..." அந்தக் குரலை யாரும் முன்னே கேட்டதில்லை. அக்கம்பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூட அரைகுறையாகத்தான் கேட்டது. டெய்லரக்கா கம்பியை விட்டாள். மூச்சும் விட்டாள். நினைத்தபடியே நடந்துவிட்டது.

அப்போதுதான் பென்ஷன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"சார், ஓடுதே!"

ஓடியது. நொடி முள் டிக்டிக்கென்று, தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டு சுற்றியது. ஒன்பது வருஷம் உப்புத் தண்ணீரில், ரிம்மின் இரும்பே இற்றுப்போன இடத்தில் கிடந்த வாட்ச். பென்ஷன் தன் போனைப் பார்த்தார், வாட்ச்சைப் பார்த்தார். "டைமும் சரியா இருக்கு" என்றார். அந்த மனிதருக்கு எதையும் மனதுக்குள் சொல்லிப் பழக்கமில்லை.

டெய்லரக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் மிஷினுக்கு எண்ணெய் விட்டாள். டிராயரைத் திறந்தாள். கை தானாகப் போய்த் தானாகச் சாவி கொடுத்தது. எத்தனை வருஷ யோசனை! எந்தச் சேறு, எந்த நேரம், யார் எங்கே நிற்பார்கள் எல்லாம் யோசித்தாள். இதை யோசிக்கவில்லை.

ஹாரன் வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கிச் சம்சாரத்தைப் பார்த்தார். அவள் இடது கை முழங்கைக்கு மேலே, கழுவ விட்டுப்போன இடத்தில், ஒரு கோடு கருப்புச் சேறு காய்ந்திருந்தது. அதையும் பார்த்தார். வாரின் ஓட்டையில் ஒட்டியிருந்த சிவப்பு நூல் ஒன்றை விரலால் எடுத்தார். அது ஒரு டெய்லர் வீட்டு நூல். அவருக்குத் தொண்டைதான் பெரிசே தவிர, மூளை சின்னதில்லை. எங்கே இருந்தது, யார் எடுத்தது என்று இப்போது ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கேள்வி நேராக எங்கே போய் நிற்கும் என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அந்த முகம் மெதுவாகக் கொட்டகைப் பக்கம் திரும்பியது. ஆணி டப்பா இருக்கிற அலமாரிப் பக்கம். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

பென்ஷன் இன்னொரு உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"அந்தக் காலத்து வாட்ச்!" என்று மேலேயிருந்து பலமாக ஒரு குரல் வந்தது. மாடிவீட்டம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்திருந்தாள். "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு. கெணத்துல விழுந்து கெடந்து எடுத்தாங்க. ஓடிச்சு! நீங்க என்ன சார் கண்டீங்க, போனைத் தவிர?"

பென்ஷன் வாயை மூடினார்.

"ஆமா. நல்ல சாமான்" என்றான் பஞ்சர் நிதானமாக. அக்காவைப் பார்க்காமல் சொன்னான். "எங்கப்பா பாத்துப் பாத்து வாங்கினது."

ஹாரன் வாட்ச்சைக் கட்டிக்கொண்டார். வார் பழைய ஓட்டைக்கு எட்டவில்லை. ஒன்று தள்ளிப் போட்டார். கேட்டைத் தாண்டி உள்ளே போனார். போனவர் நின்றார். திரும்பவில்லை.

"மச்சான்" என்றார்.

பஞ்சர் லிவரைத் துடைத்துக்கொண்டிருந்தான். கை நின்றது.

"என்ன மாமா?"

"அன்னிக்குப் பாதித் தட்டுல எந்திரிச்சுட்ட. இன்னிக்கு மரத்தடியில உக்காந்து சாப்பிட்ட. அது ஒரு சாப்பாடா?" குரல் மேலே ஏறி வழக்கமான இடத்துக்கு வந்துவிட்டது. "உள்ள வாடா! வந்து உக்காந்து ஒரு டீயாவது குடி!"

தெருமுனை வரைக்கும் கேட்டது. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய வார்த்தை எதுவரை போனதோ அதுவரை இதுவும் போயிருக்கும். பஞ்சர் கேட்டுக்கு வந்தான், காலைத் தூக்கினான். இந்தத் தடவை உள்ளே வைத்தான். சேற்றுக்கால். முற்றத்தில் முழுப் பாதமும் பதிந்தது. டெய்லரக்கா அன்றைக்கு முற்றம் கழுவவில்லை. கேட்டால் தண்ணீர் லாரி சரியாக வரவில்லை என்றாள்.

இன்னொரு சக்கரம் பாக்கி இருந்தது. மறுநாள் அது கேட்டுக்கு உள்ளேயே படுத்துக்கொண்டது. மாமனும் மச்சானும் விடிந்ததிலிருந்து எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று நேருக்கு நேர் கத்திக்கொண்டிருந்தார்கள். மாடிவீட்டம்மா துண்டோடு வந்து நின்று, "இதுக்குள்ள என்னடி வெச்சிருக்க?" என்று ஜாடையில் கேட்டாள். டெய்லரக்கா குண்டூசி வாயோடு தலையை ஆட்டினாள், ஒன்றுமில்லை என்று.

மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது ஹாரன் கைதுடைக்கத் துணி கேட்டு உள்ளே வந்தார். வாட்ச்சைக் கழற்றினார். டப்பா எதையும் தேடவில்லை. மிஷின் மேல், நூல்கண்டுப் பக்கத்தில் வைத்தார்.

"டயருக்குள்ள கை விடணும்" என்றார். வெளியே போக இரண்டடி வைத்துவிட்டு, அவருக்கு எட்டிய அளவில் மெதுவாகச் சொன்னார்: "சாவி நீயே குடுத்துடு. எனக்கு மறந்துடும். உனக்குத்தான் பழக்கம்."